ஈசல் ஒட்டிய பானெட்: தேய்ப்பதா, ஊறவைப்பதா?

ஐப்பசியில் மழை விட்ட மாலையில் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் நோக்கிக் கிளம்பும் எந்த வண்டியும் சுத்தமாகப் போய்ச் சேருவதில்லை. சாலையின் இரு பக்கமும் சம்பா வயல். ஹெட்லைட் போட்டதுமே ஈசலும் அந்துப்பூச்சியும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெளிச்சத்தைத் தேடி வந்து மோதுகின்றன. ஊர் சேருவதற்குள் பம்பர், பானெட்டின் முன்விளிம்பு, கண்ணாடி, பைக்காக இருந்தால் ஹெல்மெட் வைசர் வரை எல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். பெயின்ட்டுக்கு உண்மையான ஆபத்து மறுநாள் காலையில்தான் வருகிறது. காய்ந்து இறுகிய புள்ளியைப் பார்த்ததும் கை தானாகவே துணியை எடுத்து அழுத்தித் தேய்க்கிறது. பூச்சி போய்விடும், அது இருந்த இடத்தில் மெல்லிய வட்டக் கீறல்கள் தங்கிவிடும். இந்த வேலைக்கென்று ஸ்பிரே, வலைபோட்ட ஸ்பாஞ்ச், தண்ணீர்த் துப்பாக்கி, பலவகைத் துணி என்று நிறையப் பொருள்கள் விற்கின்றன. அவற்றை எடைபோட ஓர் அளவுகோல் போதும்: ஒரு பொருள் பூச்சியை ஊறவைக்க உதவுகிறதா, தேய்க்கத் தூண்டுகிறதா? ஊறவைக்க உதவுவது எதுவானாலும் வாங்கலாம். தேய்க்கத் தூண்டுவதை இலவசமாகக் கொடுத்தாலும் பெயின்ட் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், நாம் தொட்டுக்கொண்டிருக்கும் படலம் அவ்வளவு மெல்லியது. இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கிறது. எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. பளபளப்பும் அங்கேதான் இருக்கிறது, வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் புற ஊதாத் தடுப்பும் அங்கேதான் இருக்கிறது. அது ஒருவகை பிளாஸ்டிக் படலம். சாலைத் தூசியிலோ குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறக்கூடியது அது. எனவே பானெட்டைக் கீறுவது பெரும்பாலும் பூச்சியின் ஓடு அல்ல. பூச்சியின் பசையில் வந்து ஒட்டிய மணல்தான் கீறுகிறது, அதற்கு அழுத்தம் கொடுப்பது நம் கை. இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இரவில் செல்போன் டார்ச்சைப் பானெட்டின் மேல் சாய்த்துப் பிடித்தால் போதும். சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரியும் கோடுகள் பலவும் கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை.

அடுத்தது, ஒட்டியிருப்பது என்ன என்ற கேள்வி. பூச்சியின் உடலில் இருப்பது புரதம், கொழுப்பு, கைட்டின் என்னும் கெட்டியான ஓட்டுப்பொருள். புரதம் சூட்டில் இறுகும். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரிக்குச் சற்று மேலே உறையத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. ஆகவே இரவில் கூழாக ஒட்டியது மறுநாள் மதியத்துக்குள் வெந்த பசையாகிவிடுகிறது. நேரம் ஆக ஆகச் சேதம் கூடுவதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தெளிவான உதாரணம் உண்டு. அங்கே ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்தையும் செப்டம்பரையும் ஒட்டி, லவ்பக் என்னும் கறுப்புப் பூச்சிகள் நெடுஞ்சாலைகளில் மேகம் போலக் கிளம்பும். அதன் உடல்சாறு புதிதாக இருக்கும்போது பி.எச். 6.5, ஏறக்குறைய தண்ணீர் மாதிரிதான். வண்டியில் ஒருநாள் விட்டால் 4.25 வரை இறங்கி அமிலமாகிவிடும் என்று பதிவாகியிருக்கிறது. பழைய காலக் கார்களின் பெயின்ட்டிலும் குரோமியத்திலும் அது சிறு குழிகளையே ஏற்படுத்தியது. நம் ஈசலுக்கும் இதே எண்கள் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் செத்த உடல் அழுகும்போது நேரம் நம் பக்கம் இருப்பதில்லை என்பது எந்தப் பூச்சிக்கும் பொது. அவசரம் வேண்டியது வேலையைத் தொடங்குவதில்தான். துடைப்பதில் நிதானமாகவே இருக்கலாம்.

இதற்கான விடை நம் சமையலறையில் எப்போதும் இருந்துவருகிறது. மாவு காய்ந்து ஒட்டிய கிரைண்டர் கல்லை யாரும் எடுத்த எடுப்பில் சுரண்டுவதில்லை. தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். திரும்பி வரும்போது மாவு தானாகக் கழன்று நிற்கிறது. வண்டிக்கும் அதுவே. நிழலில் நிறுத்தி, பானெட் சூடு ஆறிவிட்டதா என்று புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, ஒட்டாமல் கிடக்கும் தூசியை இறக்க வேண்டும். மணலில் பாதி இந்த ஒரு படியிலேயே போய்விடும். பிறகு மைக்ரோஃபைபர் துணியை நன்றாக நனைத்து, பிழியாமல், பூச்சி ஒட்டிய இடத்தின் மேல் போர்த்திவிட வேண்டும். பத்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். துணி காய்வது போலிருந்தால் மேலேயே கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். தண்ணீரில் சில சொட்டு கார் ஷாம்பூ கலந்தால் கொழுப்பும் இளகும். வெதுவெதுப்பான நீர் இன்னும் நல்லது. கொதிநீர் மட்டும் வேண்டாம், அது புரதத்தை மறுபடி வேகவைக்கும். நேரம் ஆனதும் துணியை அழுத்தாமல் ஒரே திசையில் இழுத்தெடுத்தால் பெரும்பாலான பூச்சி துணியோடு வந்துவிடும். மிச்சத்துக்குத் துணியின் சுத்தமான மடிப்பைத் திருப்பி மறுபடி போர்த்த வேண்டுமே தவிர, நகத்தால் சுரண்டக் கூடாது. மைக்ரோஃபைபரை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்து இழை இழையாகப் பிளக்கப்பட்ட அந்தத் துணி, அழுக்கைத் தன் இழைகளுக்குள் தூக்கிக்கொள்கிறது. பழைய பனியன் துணி அழுக்கைப் பெயின்ட்டின் மேலேயே இழுத்துக்கொண்டு போகிறது. துணி தடிமனாக, ஓரத்தில் முரட்டுத் தையல் இல்லாமல் இருக்க வேண்டும். ஒருமுறை தரையில் விழுந்த துணியை நன்றாக அலசாமல் மறுபடி பெயின்ட்டில் வைக்கக் கூடாது.

கடையில் விற்கும் பூச்சி நீக்கி ஸ்பிரேக்கள் இந்த ஊறலைச் சுருக்கித் தருகின்றன. அவற்றில் பல சற்றுக் காரத்தன்மை கொண்ட சோப்புக் கரைசல்கள். சிலவற்றில் ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் போன்ற கரைப்பான்கள் இருக்கும். தண்ணீர் பத்து நிமிடத்தில் செய்வதை நல்ல ஸ்பிரே இரண்டு மூன்று நிமிடத்தில் செய்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வாரம்தோறும் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது நியாயமான செலவு. ஆனால் சூடான பானெட்டில் அடித்து அது காய்ந்துவிட்டால், பூச்சிக்கறை போய் ரசாயனக்கறை வந்து சேரும். பெயின்ட் மேல் போட்ட மெழுகையும் அது கழற்றிவிடும். கடுமையான காரம் பைக் எஞ்சினின் பூச்சில்லாத அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். பாட்டிலில் அலுமினியத்துக்கும் மேட் பெயின்ட்டுக்கும் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. மாதம் ஒருமுறை ஊருக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த ஸ்பிரே அவசியமே இல்லை. துணியும் ஷாம்பூவும் தாராளம்.

வலைபோட்ட பூச்சி ஸ்பாஞ்ச்தான் இந்த வரிசையில் எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லாத பொருள். அதன் வேலையே தேய்ப்பது. வலையின் கண்களில் மாட்டிய ஒரு மணல்துகள் அடுத்த ஐம்பது தேய்ப்புக்கும் அங்கேயே உட்கார்ந்து கோடு போடும். முன்கண்ணாடிக்கு மட்டும், தூசியை அலசி இறக்கிய பிறகு, அதை ஈரத்தோடு பயன்படுத்தலாம். கண்ணாடி பெயின்ட்டைவிட மிகக் கடினம். பெயின்ட்டிலும் ஹெட்லைட்டிலும் வேண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பர் இதைவிட மோசம், ஏனென்றால் அதில் உராய்வுத்துகள்கள் சேர்த்தே தயாரிக்கிறார்கள். பற்பசையும் அப்படியே. அதில் இருக்கும் சிலிகா அல்லது சுண்ணாம்புத்துகள் பல்லுக்கு ஏற்றது, கிளியர் கோட்டுக்கு அல்ல. டீசல், மண்ணெண்ணெய், டபிள்யூ.டி.-40 போன்றவை தார்ப்புள்ளியை நன்றாகக் கரைக்கும். பூச்சியின் கொழுப்பையும் ஓரளவு இளக்கும். இறுகிய புரதத்திடம் தண்ணீர் அளவுக்கு வேலை செய்யாது. விட்டுப்போகும் எண்ணெய்ப்பசை புதுத் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், பிரேக் டிஸ்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. வாட்டர் வாஷ் கடையின் அழுத்தத் தண்ணீர், ஊறிய பூச்சியை விரட்டுவதற்கு நல்ல துணை. முனையை ஓர் அடிக்கு மேல் தள்ளிப் பிடிக்க வேண்டும். கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் அடித்தால் சுற்றியுள்ளதும் உரிந்து வரும். ரேடியேட்டரில் நேராக அடித்து அதன் மெல்லிய தகடுகள் மடங்கினால் எஞ்சின் சூடேறும்.

ஹெல்மெட் வைசரையும் ஹெட்லைட்டையும் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே கேள்வி அழகைப் பற்றியது அல்ல. இரண்டும் பெரும்பாலும் பாலிகார்பனேட். அடித்தால் உடையாத உறுதி உண்டு, ஆனால் மேல்பரப்பு மென்மையானது; அதனால்தான் அதன் மேல் கீறல் தடுப்புப் பூச்சு ஒன்று போடுகிறார்கள். வண்டியை ஓரம் கட்டிச் சட்டை நுனியால் வைசரைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. பகலில் கண்ணுக்குப் படாத அந்தக் கீறல்கள், இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கை நட்சத்திரமாகச் சிதறடிக்கும். சாலையில் நடந்துபோகும் ஆள் அந்தக் கூச்சத்துக்குள் மறைந்துபோவார். வைசரின் மேல் நனைத்த டிஷ்யூவையோ துணியையோ ஐந்து நிமிடம் போட்டுவைத்து, பிறகு மென்மையான ஷாம்பூ கலந்த தண்ணீரில் விரலால் தடவிக் கழுவினால் போதும். பெட்ரோல், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் வேண்டாம். பாலிகார்பனேட்டில் அவை மயிரிழை விரிசலை உண்டாக்கக்கூடும். வைசருக்கு மட்டும் ஒரு துணியும் சிறு தண்ணீர்ப் பாட்டிலும் பைக் பையில் எப்போதும் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு, அவை வெறும் சாக்கும் அல்ல. இன்றைய பெயின்ட் பழையது போலில்லை, பூச்சி அதை அரிக்காது என்பது முதல் மறுப்பு. லவ்பக்கால் வரும் சேதம் புதிய பூச்சுகளால் பெரிதும் குறைந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் அது அமிலத்தைப் பற்றிய பேச்சு. மணலோடு தேய்த்தால் புதுப் பெயின்ட்டும் கீறும். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டால் சரியாகிவிடுமே என்பது இரண்டாவது. பாலிஷ் கீறலை நிரப்பித் தருவதில்லை. சுற்றியுள்ள கிளியர் கோட்டைக் கீறலின் ஆழத்துக்குச் சீவி எடுக்கிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும், இருப்பே ஐம்பதுக்குள்தான். அந்த முதலை வீண் செலவு செய்தால் திரும்ப நிரப்ப வழி இல்லை, மறுபடி பெயின்ட் அடிப்பதைத் தவிர. மேட் பெயின்ட் வண்டிக்குப் பாலிஷ் என்ற வழியே கிடையாது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்துத் தனித்துத் தெரியும்.

செராமிக் கோட்டிங் போட்டுவிட்டால் கவலை இல்லை என்கிறார்கள். அந்தச் சிலிகாப் படலம் மிக மெல்லியது. பூச்சி ஒட்டும் பிடியைத் தளர்த்தும், ஊறும் நேரத்தைக் குறைக்கும், தேய்ப்பிலிருந்து காப்பாற்றாது. பி.பி.எஃப். என்னும் பாலியூரித்தேன் படலம் 150 மைக்ரானுக்கு மேல் தடிமன் கொண்டது. தன் மேல் விழும் சிறு கீறலைச் சூட்டில் தானே ஆற்றிக்கொள்ளும். முன்பகுதிக்கு அது நல்ல கவசம்தான், விலை அதிகம். அதிலும் பூச்சியைப் பல நாள் விட்டால் மஞ்சள் கறை படியும்.

தண்ணீர்தான் கடினமான மறுப்பு. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் தெருவில் வண்டியை ஊறவை என்று சொல்வது எளிதல்ல. ஆனால் இந்த முறைக்கு முழு வண்டியையும் கழுவ வேண்டியதில்லை. முன்பகுதிக்கு மட்டும் இரண்டு மூன்று துணி நனையவும் கடைசியாக ஒருமுறை ஊற்றவும் சில லிட்டர் தண்ணீர் போதும். ஒரு பக்கெட் தண்ணீரில் பல கார்களைத் துடைக்கும் வழக்கத்தைவிட இது சிக்கனம், பெயின்ட்டுக்கும் நல்லது. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் இடங்களில் கடைசி அலசலுக்கு ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம். அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு, காய்ந்தாலும் வெள்ளைப் புள்ளி விழாது.

நேரமில்லை என்பவர்களும் உண்டு. துணி ஊறும் பத்து நிமிடம் கை சும்மாதான் இருக்கிறது. அந்த நேரத்தில் டயர் காற்றைப் பார்க்கலாம், காபி குடிக்கலாம்.

ஆகவே வாங்க வேண்டியது இவ்வளவுதான்: நல்ல மைக்ரோஃபைபர் துணி நான்கு, ஒரு கார் ஷாம்பூ, நெடுஞ்சாலையில் அடிக்கடி ஓடும் வண்டியென்றால் ஒரு ஸ்பிரே. வலை ஸ்பாஞ்ச் வேண்டாம். வண்டியை வேறொருவர் கழுவுகிறார் என்றால், அந்தத் துணிகளில் இரண்டை அவர் கையில் கொடுத்து, ஒன்று பெயின்ட்டுக்கு, மற்றது சக்கரத்துக்கு என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். சக்கரத்தைத் துடைத்த துணி பானெட் பக்கம் வராமல் இருந்தாலே பாதிக் கீறல் நின்றுவிடும்.