மாந்தர் வாழத்தக்க கோள்கள்

அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் டோல், ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்திற்காக எழுதிய 'மாந்தர் வாழத்தக்க கோள்கள்' என்னும் ஆங்கில நூல் 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிற விண்மீன்களைச் சுற்றும் கோள் ஒன்றேனும் அன்று உறுதியாகக் கண்டறியப்படவில்லை. காணாத பொருளை அளவையோடு ஆராயத் துணிந்தமையே இந்நூலின் முதற் சிறப்பு எனலாம்.

'வாழத்தக்கது' எது? நூலாசிரியர் முதலில் சொல்லுக்கு எல்லை வகுக்கின்றார். பெருந்தொகையான மக்கள், அளவுக்கு மிஞ்சிய செயற்கைக் காப்பின்றி இனிது வாழக்கூடிய கோளே அஃதாம். கணக்குகள் யாவும் அவ்வரையறையிலிருந்தே பிறக்கின்றன. கோளின் பொருண்மை புவியினுடையதில் 0.4 பங்கிற்குக் குறையின், மூச்சுக்குரிய காற்று தங்காது, 2.35 மடங்கிற்கு மிகின், ஈர்ப்பு மக்களுக்குத் தாங்கொணாததாகும். இவ்வாறு சலித்துச் சலித்து, நம் விண்மீன் திரளில் ஏறத்தாழ 60 கோடி கோள்கள் தேறும் என்று முடிக்கின்றார்.

வரம்புகளுக்கு அவர் காட்டும் காரணங்கள் வலியன. தொகையோ அத்துணை வலிதன்று. கோள்கள் அமையும் முறைக்கு அவர் கொண்ட சான்று நம் ஞாயிற்றுக் குடும்பம் ஒன்றே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஊரிலுள்ள பானைகட்கெல்லாம் ஆகுமா? 1995இல் மேயர், கெலோ என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் இருவர், 51 பெகாசி என்னும் விண்மீனை நான்கே நாளில் சுற்றிவரும் பெருங்கோளைக் கண்டனர். அதன் பொருண்மை வியாழனுடையதில் ஏறத்தாழப் பாதி. நம் ஞாயிற்றை மிக அணுகிய புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாள் ஆகிறது. எனவே, நம் குடும்பம் எல்லாக் குடும்பங்களுக்கும் இலக்கணம் அன்று.

ஆயினும், சொல்லைக் கையாள்வதில் இந்நூலிடம் கற்கவேண்டியது உண்டு. இன்று வானநூலார் 'வாழத்தக்க மண்டலம்' என்பது, தக்க காற்றுறை இருப்பின் கோளின் மேற்பரப்பில் நீர் நீராகவே நிற்கக்கூடிய தொலைவை மட்டுமே. செய்தித்தாள்களோ அத்தொலைவிலுள்ள கோளையெல்லாம் 'இரண்டாம் புவி' என்று முழங்குகின்றன. 4.2 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரியைச் சுற்றும் கோள் 2016இல் அறிவிக்கப்பட்டபோதும் இவ்வாறே நேர்ந்தது. அதற்குக் காற்றுறை உண்டா என்பதே இன்னும் தெளியப்படவில்லை. தொலைவு தக்கதெனின் வாழ்வும் தக்கதெனக் கற்பித்தால், மாணவர் அறிவியலை விட்டுக் கனவையே கற்பர்.

டோல் தம் அளவுகோல் மாந்தனே என்று நூற்பெயரிலேயே வெளிப்படுத்தினார். பிற உயிர்களை அவ்வளவுகோல் அளக்காது, அது குறையே. எனினும், எதனை அளக்கின்றோம் என்று முன்னரே கூறிய நேர்மை அவருடையது. தொகை பிழைபடினும் அந்நேர்மை பிழைபடவில்லை.