கோலப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஒதியம்பட்டில் விடியும் முன்பே வாசல் தெளித்தாகிவிடும். கோலம் போட உட்காருகிறவர்கள் பக்கத்தில் இப்போது மாவுக் கிண்ணத்தோடு கைபேசியும் இருக்கிறது. புது வடிவம் தேடும்போது கோலத்தின் வரலாறும் விளக்கமும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன. அவற்றில் முன்னால் வந்து நிற்பது விக்கிப்பீடியா. அதை நம்பலாமா என்று கேட்டால், பக்கம் முழுவதற்கும் ஒரே பதில் கிடையாது என்பேன். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, இதை யார் அறிந்திருக்க முடியும், எப்படி அறிந்திருக்க முடியும் என்று பார்க்க வேண்டும்.

விக்கிப்பீடியாவுக்குச் சான்றிதழ் போலக் காட்டப்படுவது 2005இல் 'நேச்சர்' இதழ் நடத்திய ஒப்பீடு. 42 கட்டுரைகளைத் துறை அறிஞர்களிடம் கொடுத்துப் பார்த்ததில், விக்கிப்பீடியாவில் 162 பிழைகளும் பிரிட்டானிக்காவில் 123 பிழைகளும் கிடைத்தன. வித்தியாசம் பெரிதல்லதான். ஆனால் அவை அறிவியல் கட்டுரைகள். அந்தத் துறைகளில் பாடநூல் உண்டு, ஆய்விதழ் உண்டு, தவறைப் பிடிக்கும் பேராசிரியர் உண்டு. தாயிடமிருந்து மகளுக்குக் கைவழி வந்த கலைக்கு அந்த எண்கள் பொருந்தாது.

கோலத்தில் சில கூற்றுகளை நாமே சோதிக்கலாம். சிக்குக்கோலம் என்றாலே தொடக்கமும் முடிவும் இல்லாத ஒற்றை இழை என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மூன்று வரிசையில் மும்மூன்றாக ஒன்பது நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே எல்லா இடத்திலும் இழை குறுக்கே வெட்டிச் செல்லும்படி எளிய பின்னலைப் போட்டுப் பாருங்கள். மூன்று தனி இழைகள் வரும். புள்ளியை மூன்றுக்கு நான்காக வைத்தால் ஒரே இழையில் முடிந்துவிடும். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எவ்வளவோ அத்தனை இழை என்பது இந்த வகைப் பின்னலின் கணக்கு. ஒன்பது புள்ளியை ஒற்றை இழையாக்க வேண்டுமென்றால், பொருத்தமான இரண்டு இடங்களில் வெட்டாமல் வளைத்துத் திருப்ப வேண்டும். எந்த இடத்தில் திருப்புவது என்று கோலம் போடுகிறவரின் விரலுக்குத் தெரியும். இதைப் புரிந்துகொள்ளக் கல்லூரியும் முயன்றிருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்தை இலக்கண விதிகளால் விளக்கும் கட்டுரையை வெளியிட்டார்கள். கணினி அறிவியலில் இன்றும் மதிக்கப்படும் வேலை அது. கலைக்களஞ்சியம் நன்றாகக் கையாளக்கூடியது இப்படிப்பட்ட செய்தியைத்தான். ஆண்டு, பெயர், கட்டுரை மூன்றும் அச்சில் இருக்கின்றன.

எறும்புக்கு உணவாகவே அரிசிமாவில் கோலம் போடுகிறார்கள் என்ற வாக்கியம் வேறு வகை. அதைப் பொய் என்று தள்ளிவிட மாட்டேன். விஜயா நாகராஜன் பல ஆண்டுகள் பெண்களிடம் கேட்டு எழுதி 2018இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பே ஆயிரம் உயிர்களுக்கு உணவிடுவதைப் பற்றியது. பெண்கள் உண்மையாகவே சொல்லும் பொருள் அது. ஆனால் இன்று கோலமாவு என்று பொட்டலத்தில் விற்பதில் பெரும்பகுதி வெள்ளைக்கல் தூள். அதில் எறும்புக்கு ஒன்றுமில்லை. விசேஷ நாளில் அரிசியை ஊறவைத்து அரைத்து இடும் மாக்கோலம் தனி. ஆக அந்த வாக்கியம் நம்பிக்கையைச் சொல்வதாக நின்றால் சரி. இன்றைய வழக்கத்தைச் சொல்வதாக நின்றால் தவறு. இந்த வேறுபாட்டைக் காட்டாமல் எழுதுவதுதான் கைக்கலைப் பக்கங்களில் நான் அடிக்கடி காணும் குறை. 'தமிழர்கள் இப்படிச் செய்வார்கள்' என்று ஒரே வீச்சில் எழுதுவதும் அதே குறைதான். ஓர் ஊரில் சிக்கு என்பதை இன்னோர் ஊரில் கம்பி என்றும் நெளி என்றும் சொல்கிறார்கள். எந்த ஊர், எந்த நாள், எந்த மாவு என்று கேட்டால் அந்த 'தமிழர்கள்' பல தெருக்களாகப் பிரிந்துவிடுவார்கள்.

அடிக்குறிப்பு இருக்கிறதே என்று நிம்மதியடைவதற்கும் இல்லை. சில சமயம் செய்தித்தாளின் பண்டிகைக் கட்டுரை விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்படுகிறது. பிறகு அந்தக் கட்டுரையே விக்கிப்பீடியாவுக்கு மேற்கோளாகிறது. இதைப் பிடிக்கும் கருவியும் அங்கேயே இருப்பதுதான் அதன் பெரிய பலம். 'வரலாற்றைக் காட்டு' என்பதை அழுத்தினால் எந்த வாக்கியம் எந்த நாளில் நுழைந்தது என்று தெரிந்துவிடும். மேற்கோள் காட்டிய செய்தி அதற்குப் பிந்தியதென்றால் சந்தேகப்பட வேண்டும். பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் மதிப்புக்குரியது. ஆனாலும் அதில் ஒரு வரி எப்படி உருவானது, எத்தனை முறை மாறியது என்று வாசகர் பார்க்க வழியில்லை.

ஆழமான சிக்கல் விதியில் இருக்கிறது. வெளியான ஆதாரம் இல்லாததை விக்கிப்பீடியாவில் எழுதக் கூடாது. புரளியைத் தடுக்க இந்த விதி வேண்டும், நானும் ஏற்கிறேன். ஆனால் அதே விதி, ஐம்பது ஆண்டு கோலம் போட்ட பெண்ணைவிட அவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதிய நிருபரை நம்பத் தகுந்தவராக்குகிறது. அச்சல் பிரபாலா என்பவர் 2011இல் இதற்கு ஒரு வழி தேடினார். விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் மக்களின் வாய்மொழியை ஒலிப்பதிவு செய்து, அதையே மேற்கோளாக்கிக் கட்டுரை எழுதும் சோதனை அது. இந்தி, மலையாளம், செபெடி மொழிகளில் நடந்தது. வாய்மொழிக்கும் தவறு நேரும் என்பது உண்மைதான். ஆனால் பேசியவர் யார், எந்த ஊர், எப்போது பேசினார் என்பது பதிவாகிவிட்டால், பெயரில்லாத வலைத்தள மேற்கோளைவிட அது சோதிக்க எளிது.

எத்தனையோ வீடுகளில் கோல நோட்டு இருக்கிறது. பழைய பள்ளி நோட்டில் பேனாவால் புள்ளி வைத்து, ஓரத்தில் '15 புள்ளி, இடுக்கு, 8 வரை' என்று எழுதியிருப்பார்கள். அம்மாவின் நோட்டில் மகள் மிச்சப் பக்கங்களை நிரப்பியிருப்பாள். கோலம் பற்றி இதைவிட நேரான ஆவணம் எனக்குத் தெரியாது. இன்றைய விதிப்படி அதை மேற்கோள் காட்ட முடியாது. ஆனால் வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்து, ஊரும் நாளும் புள்ளிக் கணக்கும் குறித்து, விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். அதற்கு யாருடைய அச்சுக் கட்டுரையும் தேவையில்லை. இந்த மார்கழியில் எங்கள் தெருவிலிருந்து அதைத் தொடங்க நினைக்கிறேன், போட்டவரிடம் கேட்டுக்கொண்டு.