புள்ளியும் படமும்

விண்மீன் போன்ற வாயுத் திரளைத் துகள்களாகப் பகுத்துக் கணக்கிடும் முறையை 1977ஆம் ஆண்டில் லூசி ஒருபுறமும், கிங்கோல்டு, மோனகன் இருவரும் மறுபுறமும் வகுத்தனர். இம்முறையில் துகள் மணல்மணியன்று. தன் பொருண்மையைச் சுற்றிலும் பரப்பி நிற்கும் சிறு மூட்டமாகும். அதனை வெறும் புள்ளியாக வரைந்தால், நெருக்கமான இடம் கறையாகிவிடும், அடர்த்தி விளங்காது.

2007ஆம் ஆண்டில் டேனியல் பிரைஸ் வெளியிட்ட 'ஸ்பிளாஷ்' என்னும் கணினி நிரல், கணக்கில் பரப்பிய விதியாலேயே படத்திலும் பரப்புகிறது. இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும், துகள் குறைந்த இடத்தில் மூட்டம் அகன்று இடைவெளியை மூடிவிடுகிறது. கணக்குத் தெளியாத இடமும் தெளிந்ததுபோல் தோன்றுகிறது. அழகில் மயங்கும் மாணவர் அதனை நிழற்படமென்றே நம்புவர்.

அந்நிரல் புள்ளிகளையும் வரையவல்லது. ஆகவே, இரு படங்களையும் அருகருகே அச்சிடுதலே முறை. ஒன்று அடர்த்தியைச் சொல்லும். மற்றது அவ்வடர்த்தியை எத்தனை துகள்கள் தாங்குகின்றன என்பதைச் சொல்லும்.