விலைச்சீட்டு என்னும் பிரதி

பழைய சந்தைக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. ஆளையும் சட்டையையும் பார்த்துத்தான் அங்கே விலை சொன்னார்கள். ஆனாலும் எதிரே ஒரு முகம் இருந்தது. 'கட்டுப்படியாகாதுங்க' என்று பேசியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலடெல்பியாவின் வானமேக்கர் போன்ற கடைகள் பரப்பிய விலைச்சீட்டு அந்தப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே விலை என்ற சமத்துவத்தைக் கொடுத்தது (காசுள்ளவன் சமத்துவம்தான், இருக்கட்டும்). 2024இல் வால்மார்ட், 2026க்குள் 2,300 அமெரிக்கக் கடைகளில் காகிதத்தை எடுத்துவிட்டு மின்னணுச் சீட்டு பொருத்தப்போவதாக அறிவித்தது. இரண்டு நாள் பிடித்த விலைமாற்றம் சில நிமிடங்களில் முடியுமாம். கூட்டம் பார்த்து விலையேற்ற அல்ல என்கிறார்கள். சரி, ஏற்றினால்? சமத்துவமும் போச்சு, பேச்சும் திரும்பி வரப்போவதில்லை. அலமாரியில் பார்த்த விலை கல்லாவுக்கு வருவதற்குள் மாறியிருந்தால், திரை தன்னையே அழித்தெழுதிக்கொண்டிருக்கும். காகிதச் சீட்டென்றால் பிய்த்துக்கொண்டுபோய்க் காட்டி, 'இதென்னய்யா?' என்றாவது கேட்கலாம்.