புள்ளி தப்பிய அரியலூர்

பெரம்பலூர், அரியலூர் என்று வரிக்கொரு ஊராக எழுதிய கோப்பைப் பெர்ல் நிரல்மொழியில் படித்தால், ஒவ்வொரு பெயரின் வாலிலும் கண்ணுக்குத் தெரியாத வரிமுறிவு ஒட்டிக்கொண்டு வரும். ஒப்பிட்டால் பொருந்தாது. பழைய ‘சாப்’ கட்டளை கடைசியில் எது இருந்தாலும் வெட்டிவிடும். வரிமுறிவே இல்லாத இடத்தில் ‘அரியலூர்’ புள்ளி இழந்து ‘அரியலூர’ ஆகும். யூனிகோடில் புள்ளி தனிக்குறி அல்லவா!

1994இல் பெர்ல் 5உடன் வந்த ‘சோம்ப்’ வரிமுறிவு இருந்தால் மட்டுமே கைவைக்கும். எத்தனை குறி நீக்கினேன் என்றும் சொல்லும். என்ன பக்குவம்! சின்ன வெங்காயம் விளையும் செட்டிகுளம் பக்கம், காயில் கீறல் விழாமல் காய்ந்த தாளை மட்டும் அரிந்து போடும் கைகள் நினைவுக்கு வருகின்றன. இன்னொரு முறை சோம்ப் சொல்லிப் பார்க்கிறேன். பெயர் அப்படியே நிற்கிறது, புள்ளியோடு.