ஊட்டிக்கு 95 பெட்ரோல் வேணுமா?

கார்ல ஊட்டி கிளம்பறவங்களுக்கு ரெண்டு அறிவுரை இலவசமா கிடைக்குது. ஒண்ணு: "மலை ஏற சக்தி வேணும், 95 ஆக்டேன் போடுங்க." இன்னொண்ணு, கொஞ்சம் படிச்சவங்க சொல்றது: "உயரத்துல ஆக்டேன் குறைவாவே போதும். அமெரிக்க மலை மாநிலங்கள்ல 85 விக்கறாங்க. நம்ம 91-ஏ அதிகம்." முதலாவது தப்பு. இரண்டாவது பாதி சரி. அதனாலயே அதிகமா ஏமாத்துது.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. அழுத்தத்தில் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் காற்று குறைவதால் இழுவை குறைகிறது. விலை கூடின பெட்ரோல் அந்தக் காற்றைத் திருப்பித் தராது. அதே காரணத்தால் டர்போ இல்லாத என்ஜினில் நாக்கிங்கும் குறைகிறது. இதுதான் இரண்டாவது அறிவுரையின் சரியான பாதி.

மீதிப் பாதியில் மூணு ஓட்டை. முதலில் அலகு. நம்ம 91 என்பது ஆர்.ஓ.என். அளவு. அமெரிக்க பங்கில் எழுதுவது ஆர்.ஓ.என்., எம்.ஓ.என். இரண்டின் சராசரி. நம்ம 91 அங்கே சுமார் 87. வித்தியாசம் ஆறு இல்ல, ரெண்டு. அடுத்து, 85 வழக்கம் கார்புரேட்டர் காலத்தது. டர்போ என்ஜின் மெல்லிய காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளுது. அதுக்கு உயரச் சலுகை பெரிசா கிடையாது. மூணாவது, டென்வர்காரர் 1,600 மீட்டரிலேயே வாழ்கிறார். நாம ஏறி, ரெண்டு நாள்ல மேட்டுப்பாளையம் இறங்கிடறோம். டேங்கில் இருப்பது அதே பெட்ரோல்.

இங்கே 91-க்குக் கீழே பங்கில் கிடைக்காது. அதனால 91 போதும்னு கையேடு சொல்ற வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. 95 கேக்கற டர்போ வண்டிக்காரர்தான் "மலைதானே" என்று 91 போட்டால் மாட்டுவார். நாக் சென்சார் இக்னிஷனைப் பின்தள்ளிச் சமாளிக்கும். இழுவையும் மைலேஜும் குறையும். நாக்கிங் கடுமையா தொடர்ந்தா பிஸ்டனுக்கே சேதம்.

ஊர் உயரத்தைப் பாக்க வேண்டாம். பெட்ரோல் மூடிக்குப் பின்னால இருக்கற ஸ்டிக்கரைப் பாருங்க. அடி அண்ணாமலையில் என் வண்டிக்குப் போடறதுதான் ஊட்டியிலும். ஏறும்போது இழுவை போதலைன்னா கியரைக் குறைங்க. அதுக்குக் காசு கிடையாது.