சுவருக்குக் கண் கிடையாது

2015-ல் ஈரானின் மஷாத் நகரத்துச் சுவர் ஒன்றில் யாரோ கொக்கி அடித்து, வேண்டாததை மாட்டச் சொன்னார்; தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். 2017-ல் அது நெல்லையில் 'அன்புச் சுவர்' ஆனது. நல்ல ஐடியாதான். ஆனால், சுவர் எதையும் வேண்டாம் என்று சொல்லாதே!

அம்பத்தூர், ஆவடி தெருக்களில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுத்த அம்மாக்களை ஞாபகமிருக்கிறதா? புடவையை வெளிச்சத்தில் விரித்து, 'நைஞ்சு போச்சும்மா, இதுக்கு டம்ளர்கூட வராது' என்று திருப்பித் தருவார்கள். அந்தக் கறார் நம் தர்மத்தில் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் நாம் அனுப்பிய பழந்துணி மலையாகக் கிடந்தது. எல்லாம் இழந்தவர்களும் அதைத் தொடவில்லை. தொடுவார்களா என்ன?

பரணில் இருக்கும் மிக்ஸியைத் தருவதற்குமுன் ஒருமுறை ஓட்டிப்பாருங்கள். ஜார் மூடியையும் தேடுங்கள் (அது வேறெங்கோதான் இருக்கும்).